வெள்ளையப்பத் தண்டனை

மாமியின் கடையில் இரண்டு வகை அப்பம்தான். நடுவில் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு, கரை சிவக்க இறக்கினால் பாலப்பம். ஒன்றும் விடாமல் வெறும் மாவாய் இறக்கினால் வெள்ளையப்பம். மற்றக் கடைகளில் எதைத் தின்பது என்று தின்பவன் சொல்லுவான். இங்கே மாமி சொல்லுவார். மாட்டுக்கு வாலை முறுக்கினவனுக்கு வெள்ளையப்பம். கோழியைக் காலில் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கி வந்தவனுக்கும் வெள்ளையப்பம், சம்பலும் கிடையாது. துவரங்கம்பில் ஆணி வைத்து வண்டில் மாட்டைக் குத்தினவன் வந்து வாங்குப் பலகையில் இருந்தால் அவனுக்கு முன்னால் தட்டே வராது. மற்றவர்கள் தின்பதைப் பார்த்துவிட்டு எழும்பிப் போகவேண்டியதுதான்.

"மாமி, எனக்கு ஏன் பால் விடேல்லை?"

"நேற்று வாய்க்கால் கரையில ஆமையைப் புரட்டிப்போட்டு விளையாடினது ஆர்?"

"அது காசிம், மாமி."

"காசிமுக்கும் வெள்ளைதான். கதையாமல் தின்."

காசிம் என் கூட்டாளி. அவனுடைய வாப்பா மாட்டு வியாபாரி. பக்கத்தில் இருந்த காசிம் தன் தட்டைப் பார்த்துவிட்டு, "ஆமை வந்து சாட்சி சொன்னதோ, மாமி?" என்று கேட்டான். அவனுடைய சம்பலும் போயிற்று.

அவர் எனக்கு மாமி இல்லை. ஊரில் ஒருவருக்கும் மாமி இல்லை. மல்லாவிக்குப் போகிற வழியில் காட்டை வெட்டி, உடைந்து கிடந்த குளத்தைக் கட்டி, யாழ்ப்பாணத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து காணி கொடுத்து இருத்தின இடம் எங்களுடையது. யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாது. வயதைப் பார்த்து நாங்களே முறை வைத்துக்கொண்டோம். எனக்கு அப்படி ஒரே போகத்தில் ஒரு லொறி நிறையச் சித்தப்பாமார் கிடைத்தார்கள். அப்பம் சுட்டவர் மாமியானார். மாமா எங்கே என்று விசாரித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு வெள்ளையப்பம் கிடைத்தது.

ஆள் கட்டை. கையில் எந்த நேரமும் சிரட்டை அகப்பை. கதைக்கும்போது அதனால்தான் ஆளைக் காட்டுவார். மாமியோடு தர்க்கப்பட்டவனை ஊரில் லேசாய்க் கண்டுபிடிக்கலாம், சேட்டெல்லாம் மாப்புள்ளி இருக்கும். தீர்ப்புச் சொல்லி முடிந்ததும் அகப்பையைப் பானை விளிம்பில் ஒரு தட்டு. அதற்குப் பிறகு அப்பீல் கிடையாது.

அவருடைய வாயில் அதிகம் வந்த சொல் 'காணாது'. பள்ளிக்கூடத்தில் போதாது என்று எழுதுவதை எங்கள் வீடுகளில் காணாது என்போம். மற்றப் பெண்களுக்கு உப்புக் காணாது, புளி காணாது. மாமிக்குத் தண்டனைதான் காணாது. ஒரு பொடியன் ஓணானுக்குக் கயிறு கட்டி இழுத்துத் திரிந்தான் என்று வாத்தியார் அவனை வகுப்புக்கு வெளியில் நிறுத்தினார். மாமி றோட்டைக் கடந்து போய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வாத்தியார், காணாது."

"இன்னும் என்ன செய்யச் சொல்லுறியள், அம்மா?"

"அந்தக் கயிறை அவன்ர இடுப்பில கட்டி, முற்றத்தைச் சுத்தி ஒருக்கா இழுத்துக்கொண்டு போங்கோ. ஓணான்ர சீவியம் எப்பிடியெண்டு விளங்கும்."

வாத்தியாரும் பகிடிக்காரர், இழுத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் மாமி அந்தப் பொடியனைக் கூப்பிட்டு ஒரு பாலப்பம் கொடுத்தார். தண்டனை முடித்தவனில் அவருக்கு ஒரு தனி வாரப்பாடு. தண்டனை முடியாதவனிடம்தான் அகப்பை நீளும்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பான் காசிம். ஆனாலும் எழுத்துக் கூட்டிப் பேப்பர் வாசிப்பேன். மாமிக்கு வாசிக்கத் தெரியாது. பஸ்ஸில் வந்த பேப்பரோ, சாமான் சுற்றி வந்த பேப்பரோ, கையில் கிடைத்தால் என்னிடம் நீட்டுவார்.

"கோட்டுச் செய்தி இருக்கோ பார்."

களவு, காணிச் சண்டை ஒன்றும் அவருக்கு வேண்டாம். மாட்டுக்கு அடித்தவன், நாய்க்குச் சுடுதண்ணி ஊற்றினவன், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்தால் போதும். அப்படியான செய்தி அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும் 'எச்சரித்து விடுவிக்கப்பட்டார்' என்றே முடியும். "காணாது!" என்று மாமி அகப்பையைத் தட்டுவார். அந்தக் கோபத்தில் சட்டியில் இருக்கிற அப்பம் கருகும். கருகினது பேப்பர் வாசித்தவனுக்கு வரும். இப்படிக் கொஞ்சக் காலம் கரியைத் தின்றபின், செய்தியைக் கொஞ்சம் திருத்தி வாசித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

"பூனையை உதைத்தவருக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை" என்று ஒருநாள் வாசித்தேன். அந்த இடத்தில் இருந்தது சவர்க்கார விளம்பரம்.

மாமி எழும்பி நின்றுவிட்டார். "திருப்பி வாசி."

"பூனையை உதைத்தவருக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை. பூனையும் ஓர் உயிரே என்று நீதவான் தமது தீர்ப்பில் தெரிவித்தார்."

"அந்த நீதவானைப் பெத்த வயிறு குளிரட்டும்!"

"பூனைக்கு என்ன பேரெண்டும் வாசியன்ரா" என்றான் காசிம் எனக்கு மட்டும் கேட்க. அன்று எனக்கு வந்த பாலப்பத்தில் பால் கரையைத் தாண்டி வழிந்தது. பிறகு பல நாள் மாமி கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பூனை வழக்கைச் சொல்லிச் சந்தோசப்பட்டார்.

இனி நாய்ச்சண்டைக்கு வருகிறேன்.

குளத்துத் தண்ணி வற்றினால் அலைகரை வெறும் தரையாய்க் கிடக்கும். அங்கேதான் நடக்கும். நடத்தினவர் மரம் ஏற்ற லொறியோடு வருகிற ஒரு மரக்காலை முதலாளி. அவருடைய நாய் கன்றுக்குட்டி உயரம். மற்ற நாய் கவ்வாமல் இருக்க இரண்டு காதையும் அடியோடு வெட்டியிருந்தார். ஆவேசம் வரவேணும் என்று சண்டைக்கு முன்னம் பட்டினி போட்டுத்தான் கொண்டுவருவார். எதிரில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வேட்டை நாய்களை. வண்டில்களை வட்டமாய் நிறுத்தி, நடுவில் நாய்களை அவிழ்த்து விட்டு, ஆட்கள் வண்டிலில் ஏறி நின்று பந்தயம் கட்டிக் கத்துவார்கள். நானும் ஏறி நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் மாமியின் கடையில் நான் பாலைக் கண்டது குறைவு.

எங்கள் பக்கத்தில் கெட்டிக்கார நாய் சிங்கன். கணபதியருடையது. கணபதியர் காட்டோரத்துப் பழைய கிராமத்து ஆள், எங்கள் வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவர். வயலில் பன்றி இறங்கினால் எல்லாரும் அவருடைய முற்றத்துக்குத்தான் ஓடுவோம். கதைப்பது குறைவு, சொன்ன சொல்லை மாற்றினதாய்ச் சரித்திரமே இல்லை. சிங்கன் செம்மஞ்சள் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். விடிந்தால் மாமியின் கடை வாசலில் வந்து குந்தும். அப்பத்தின் மொறுமொறுத்த கரை அதற்கு. "உவன் ஒருத்தருக்கும் ஒரு அநியாயமும் செய்யேல்லை" என்று பாலில் தோய்த்துத்தான் மாமி போடுவார். நாங்கள் வெள்ளையைத் தின்றுகொண்டு அதைப் பார்ப்போம்.

ஒருநாள் முதலாளி கணபதியரைக் கிண்டினார். "உங்கட நாய் பன்றிக்குத்தான் போலை. நாயைக் கண்டால் பயம் என்ன?" அடுத்த சண்டைக்குக் கணபதியர் சிங்கனைக் கொண்டுபோனார். ஒன்றும் வெல்லவில்லை, ஒன்றும் தோற்கவில்லை. ஆனால் சிங்கனின் மடிந்த காது பாதி கிழிந்து தொங்கியது.

மாமி மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டிவிட்டு நேரே கணபதியரிடம் போனார்.

"என்ன வேலை, அண்ணை, இது?"

"நாயெண்டால் கடிபடும், பிள்ளை."

"தானாய்க் கடிபட்டால் அது நாயின்ர குணம். வட்டம் போட்டுக் கடிபட விட்டால் அது உங்கட குணம்."

கணபதியர் சுருட்டைக் கடித்தபடி அப்பால் போனார். மாமிக்கு அங்கேதான் கை கட்டுப்பட்டது. கணபதியர் விடியக் கஞ்சி குடிக்கிறவர், அப்பம் தின்பதில்லை. முதலாளியோ பட்டணத்தில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர். இருவரிடமும் மாமியின் சட்டம் செல்லாது. அரசாங்கத்துச் சட்டம்தான் வரவேணும்.

அதுவும் வந்தது. பொலிசு வந்து முதலாளியில் வழக்கு வைத்தது. முதலாளி கோட்டுக்குப் போய்க் குற்றக்காசு கட்டிவிட்டு அன்றைக்கே திரும்பி வந்தார். ஒரு கட்டுச் சுருட்டின் விலைதான். வந்த கையோடு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இனிப் பயமில்லை. லைசென்ஸ் எடுத்த மாதிரித்தான். அடுத்தமுறை சிங்கனும் என்ர நாயும். ஒண்டு விழுகிற வரைக்கும்." கணபதியர் தலையாட்டினார். தலையாட்டினால் அவர் வாக்குக் கொடுத்த மாதிரி.

"காணாது" என்றார் மாமி. அன்றைக்கு அகப்பையைத் தட்டின தட்டில் பானை வாய் வெடித்தது.

அடுத்த கிழமையெல்லாம் மாமி தண்டனையைக் கூட்ட அலைந்தார். கிராமச் சங்கத் தலைவரைப் பிடித்தார். "எங்களுக்குக் கிணறு வெட்டவும் றோட்டுக்குக் கிறவல் போடவும்தான் அதிகாரம், அம்மா" என்றார் அவர். தலைவருக்கும் வெள்ளையப்பம். தேர்தல் காலம் வேறு. வேட்பாளர் ஒருவர் மேடையில் ஏறிப் பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமி முன்னுக்குப் போய் அகப்பையை உயர்த்தினார்.

"ஐயா, நாய்ச்சண்டை வைக்கிறவனை மறியலில அடைச்சு வைக்க ஒரு சட்டம் கொண்டுவருவியளோ?"

சனம் சிரித்தது. வேட்பாளரும் சிரித்தார். "நாய்க்கு வோட்டு இல்லையே, அம்மா."

"நான் அப்பம் குடுக்கிற ஆக்களுக்கு இருக்கு, ஐயா."

வேட்பாளர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரிசீலிப்பம்" என்றார்.

வரும் வழியில் மாமி கேட்டார். "பரிசீலிப்பம் எண்டால் என்ன, தம்பி?"

"மாட்டன் எண்டதைப் படிச்ச ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறது, மாமி."

சண்டை நாள் வந்தது. மாமி கடை திறக்கவில்லை. வண்டில்கள் வட்டமாய் நிற்க, ஆட்கள் ஏறிக்கொண்டிருக்க, குளக்கட்டால் மாமி மாப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். விற்க வருகிறார் என்று எல்லாரும் சந்தோசமாய் வழி விட்டார்கள். "நல்ல யோசினை, மாமி! அடுப்பை எங்கை மூட்டுவம்?" என்றான் காசிம். மாமி அவனைப் பார்க்காமல் வட்டத்துக்குள் போனார். ஒரு பக்கம் சிங்கன் கயிற்றில், மறுபக்கம் காதில்லாத நாய் கயிற்றில், நடுவில் முதலாளி வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாய்.

"கடைசியாய்க் கேக்கிறன், முதலாளி. நாயை லொறியில ஏத்துங்கோ."

"அப்பக்காரி, போய் அடுப்பைப் பார்."

மாமி பானையைத் தூக்கினார். இரவெல்லாம் கள்ளு விட்டுப் புளித்த மா முதலாளியின் தலையில் விழுந்து, மீசையில் வழிந்து, சேட்டுப் பைக்குள் நிறைந்து, வேட்டியால் இறங்கியது. திகைப்பில் நாய் பிடித்திருந்த இருவரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். இரண்டு நாயும் பாய்ந்தன. வண்டிலில் நின்றவர்கள் மூச்சை அடக்கினோம். பட்டினி கிடந்த காதில்லாத நாய் சிங்கனைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதலாளியின் காலடியில் போய் நக்கத் தொடங்கியது. மாமியின் மா சிங்கனுக்குப் புதிதா? அது மற்றப் பக்கத்தால் தொடங்கியது. இரண்டும் வாலை ஆட்டி ஆட்டி, முறை வைத்து, முதலாளியை நக்கின.

"பிடியுங்கோடா! இழுங்கோடா!" என்று முதலாளி கத்தினார். சிரித்துச் சிரித்து ஒருவனுக்கும் கையில் பலமில்லை.

"ஆர் வெண்டது?" என்று காசிம் வண்டிலில் நின்று கூவினான். "பந்தயம் ஆருக்கு?"

சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் முதலாளி. மற்றவர் மாமி. அவர் பானைக்குள் பார்த்து, "ஒரு நாள் மா போச்சு" என்றார்.

முதலாளி பொலிசுக்குப் போனார். பொலிசு இரண்டு வழக்கு வைத்தது, சண்டை வைத்ததற்கு அவரில் ஒன்று, மா ஊற்றினதற்கு மாமியில் ஒன்று. இரண்டும் ஒரே நாள். நானும் காசிமும் பஸ் ஏறி மாமியோடு போனோம். முதலாளி பக்கம் சாட்சி சொல்லக் கணபதியரும் வந்தார்.

முதலாளிக்கு முந்தின மாதிரியே ஒரு சுருட்டுக் கட்டு. அடுத்தது மாமி.

"குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார் நீதவான்.

"ஊத்தினனான், ஐயா."

குற்றக்காசு சொன்னார். முதலாளிக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் கூட. மாமி கூட்டை விட்டு இறங்கவில்லை.

"காணாது, ஐயா."

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன காணாது?"

"குற்றக்காசு காணாது. ஒரு மனிசன்ர தலையில மா ஊத்த இவ்வளவுதான் எண்டால், நாளைக்கு விடியவும் நான் ஒரு பானை ஊத்துவன். எனக்குக் கட்டுப்படியாகும். முதலாளியும் உப்பிடித்தான் பாக்கிறார். லைசென்ஸ் எண்டு சொல்லித் திரியிறார்."

"அப்ப உங்களுக்குக் கூட்டச் சொல்லுறியளோ, அம்மா?"

"எனக்கும் கூட்டுங்கோ, அவருக்கும் கூட்டுங்கோ. பூனைக்கு உதைச்சவனுக்கு ஆறு மாதம் குடுத்தனீங்கள் எல்லோ? நாய்க்கு மட்டும் ஏன் ஐயா குறைக்கிறியள்?"

நான் மெதுவாய் வாங்குக்குக் கீழே இறங்கத் தொடங்கினேன்.

"எந்தக் கோட்டில பூனை வழக்கு?"

"அந்தா, அந்தப் பொடியன் பேப்பரில வாசிச்சவன்."

காசிம் என் சேட்டைப் பிடித்து மேலே தூக்கிவிட்டான். கூட்டாளி என்றால் அப்படி.

"எந்தப் பேப்பர், தம்பி?" என்றார் நீதவான்.

"ஐயா... அது... சவர்க்கார விளம்பரம், ஐயா."

கோடே சிரித்தது. மாமி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோட்டுக்குள் அகப்பை கொண்டுவர விடவில்லை, அதனால் தப்பினேன்.

சிரிப்பு அடங்கினதும் நீதவான் கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார். "அம்மா, இந்தச் சட்டம் வெள்ளைக்காரன் எழுதினது. என்ர கையில தந்த கரண்டி இவ்வளவுதான். இதுக்கு மேலை அள்ள ஏலாது."

"பெரிய கரண்டி ஆரிட்டை இருக்கு, ஐயா?"

"சட்டம் எழுதிற ஆக்களிட்டை."

"அவை பரிசீலிப்பினமாம்" என்று சொல்லிவிட்டு மாமி இறங்கினார்.

கோட்டு வாசலிலேயே முதலாளி கணபதியரிடம் அடுத்த சண்டைக்கு நாள் குறித்துவிட்டார் என்று பஸ்ஸில் வரும்போது தெரியவந்தது. கூட வந்த கணபதியர் மறுக்கவில்லை. "சொன்ன சொல்" என்றார். இறங்கும்போது மாமி என்னிடம் மட்டும் ஒரு தீர்ப்புச் சொன்னார்: "பூனைக்காரனுக்கு ஆறு மாதம் எண்டாய் எல்லோ? அந்த ஆறு மாதத்தையும் நீ வெள்ளையப்பத்தில கழி." பக்கத்தில் பானை இல்லாதபடியால் பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டு.

அந்த நாட்களில் ஒரு பன்றி வயலில் இறங்கியது. காது சரியாக ஆறாத சிங்கன்தான் அதை மறித்து நிறுத்தியது. வெடி விழுந்தது. வழக்கம்போல மரத்தடியில் இலைகுழை பரப்பி இறைச்சியைக் கூறு வைத்தோம். ஆளுக்கு ஒரு கூறு, நாய்க்கும் ஒரு கூறு. எங்கள் முறை இது: ஒருவன் முதுகு காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு கூறைத் தடியால் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பான். முதுகு காட்டி நிற்பவன் ஒரு பேரைச் சொல்லுவான். சொன்னால் சொன்னதுதான், ஒருவரும் வாய் திறக்க முடியாது. பன்றியென்றால் தடி எப்போதும் காசிமிடம். பன்றியில் அவனுக்குப் பங்கும் இல்லை, ஆசையும் இல்லை, ஆகவே அவனைவிட நியாயமான ஆள் இல்லை. நீட்டுத் தடி எடுத்துத் தள்ளி நின்றே தொடுவான். முதுகு காட்டுகிறவன் நான்.

இன்னொரு சட்டமும் உண்டு. கூட்டத்துக்குள் ஒரு பங்காளி மற்றப் பங்காளியைக் காயப்படுத்தினால் அந்த வருடம் முழுக்க அவனுக்குப் பங்கு இல்லை. முந்தின வருடம் ஒருவன் வாய்த்தர்க்கத்தில் மற்றவனுக்குக் கத்திப்பிடியால் அடித்தான் என்று கணபதியரே அவனுடைய பங்கைத் தள்ளினார். அவன் வருடம் முழுக்கப் பருப்பும், மனிசியின் ஏச்சும் தின்றான்.

பெண்கள் கூறு வைக்கிற இடத்துக்கு வருவதில்லை. அன்று மாமி வந்தார், அகப்பையோடு. ஒருவரும் போகச் சொல்லத் துணியவில்லை.

எல்லாப் பேரும் சொல்லி முடிந்தது. சிங்கனின் கூறும் போயிற்று. கடைசிக் கூறும் கணபதியரின் பேரும்தான் மிச்சம். காசிம் தடியை வைத்து, "இது ஆருக்கு?" என்றான்.

"பொறு" என்றார் மாமி. "கணபதியண்ணை, நாய்க்கு ஏன் கூறு வைக்கிறியள்?"

"இதென்ன கேள்வி? அப்பு காலத்தில இருந்து வைக்கிறது."

"இரக்கப்பட்டோ?"

"இரக்கமெண்டால் எலும்பு எறிவம். இது கூறு. வேட்டைக்கு வந்தவனுக்குள்ள உரிமை."

"அப்ப சிங்கன் பங்காளி."

"ஓம், பங்காளிதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"பங்காளியின்ர காதைக் கிழிக்க விட்டவனுக்கு உங்கட கூட்டத்தில என்ன தண்டனை?" என்றார் மாமி. "நான் அப்பக்காரி, எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்லவேணும்."

முதுகு காட்டி நிற்கிறவனுக்கு ஒருவர் முகமும் தெரியாது. எனக்குத் தெரிந்தது முன்னால் நின்ற பாலை மரமும் அதில் ஏறின எறும்பும்தான். பின்னால் சிங்கன் இறைச்சியைப் பார்த்து மெதுவாய் முனகியது.

"சொல்லடா" என்றார் கணபதியர். கோபமா என்று தெரியவில்லை.

காசிம் மறுபடி, வழமையில்லாத மரியாதையோடு கேட்டான். "இது ஆருக்கு?"

"சிங்கனுக்கு" என்றேன்.

வாழ்க்கையில் பகிடி இல்லாமல் நான் சொன்ன சொல் அது ஒன்றுதான். ஆனால் எல்லாரும் அதைப் பகிடியென்று நினைத்து, சிரிப்பதா விடுவதா என்று கணபதியரைப் பார்த்தார்கள் என்று காசிம் பிறகு சொன்னான்.

"சொன்னால் சொன்னதுதான்" என்றார் அவர். "இனிச் சண்டைக்கு நாய் கொண்டுபோறவன் ஆரெண்டாலும் ஒரு வருசம் பங்கு இல்லை. முதலாளிக்கு நான் சொல்லியனுப்புறன். முதல் தண்டனை எனக்கு."

நான் திரும்பினேன். ஆட்கள் ஒவ்வொருவராய் "ஓம்" என்றார்கள். இறைச்சியில்லாத ஒரு வருடத்தை ஒவ்வொருவனும் மனதுக்குள் தின்று பார்த்தது முகத்தில் தெரிந்தது. "வெண்டிட்டியள், மாமி!" என்று காசிம் தடியை எறிந்தான்.

"காணாது" என்றார் மாமி.

"இன்னும் என்ன, பிள்ளை?"

"நாயின்ர கூறு ஆரின்ர வீட்டுச் சட்டிக்குப் போகும், அண்ணை?"

"என்ர..." என்று தொடங்கின கணபதியர் நிறுத்தினார். பிறகு சிரித்தார். அவருக்குப் பல்லு இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். அந்த வருடம் முழுக்கச் சிங்கனின் கூறு மாமியின் கடைப் பின்புறத்தில்தான் வெந்தது. கணபதியர் அந்தப் பக்கமாய்ப் போகும்போது மூக்கைத் திருப்பிக்கொண்டு போவார்.

குறித்த நாளில் முதலாளி வந்தார். அலைகரையில் வண்டிலும் இல்லை, நாயும் இல்லை. காதில்லாத நாய் லொறியிலிருந்து குதித்து, வாசம் பிடித்து, நேரே அப்பக்கடைக்கு ஓடியது. தேடி வந்த முதலாளிக்கு முன்னால் மாமி ஒரு வெள்ளையப்பம் வைத்தார். பசியோ என்னவோ, தின்றார். நாயைக் கூப்பிட்டார், விசிலடித்தார். அது சிங்கனுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு வேறெங்கோ பார்த்தது. லொறி நாயில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு தேர்தலுக்கும் மாமி அகப்பையோடு மேடைக்கு முன்னால் நின்றார். எங்கள் குளத்தில் சண்டை நின்றால் காணாதாம், மற்றக் குளங்களும் இருக்கின்றனவாம், பெரிய கரண்டி வேணுமாம்.

என் ஆறு மாதத்தில் ஒரு நாளைக்கூட அவர் குறைக்கவில்லை. பங்கு விசயத்தில் நான் செய்த உதவியைச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். "அதுக்கு நன்றி, இதுக்கு வெள்ளை" என்றார். தண்டனை முடிந்த அன்று நான் மறந்து போனேன், அவர் மறக்கவில்லை. பால் வழிய ஒரு பாலப்பம் தட்டில் வந்தது. காசிம் கைதட்டினான். இரண்டு நாயும் என் தட்டைப் பார்த்தன.

முதல் வாய் வைக்க முன்னம் மாமி பேப்பரை நீட்டினார்.

"கோட்டுச் செய்தி இருக்கோ பார்."

இருந்தது. மாட்டுக்குச் சூடு வைத்த ஒருவர். நான் மாமியைப் பார்த்தேன். அடுப்பில் அடுத்த அப்பம் ஏறியிருந்தது. எழுத்துக் கூட்டி, ஒரு எழுத்தும் விடாமல், ஒரு எழுத்தும் சேர்க்காமல் வாசித்தேன்.

"எச்சரித்து விடுவிக்கப்பட்டார்."

"காணாது!"

அகப்பை பானையில் விழுந்தது. சட்டியில் புகை எழும்பியது. கருகின அப்பம் எனக்குத்தான் வந்தது.